பெட்டி வவுனியாவில், திறப்பு முள்ளியவளையில்

வாசகர் கடிதம்: நான் முள்ளியவளையில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியை. 2009 இல் எங்கள் குடும்பத்தின் படங்களும் பத்திரங்களும் முற்றாக இல்லாமற்போயின. இடம்பெயர்வதற்கு முன் ஐயா ஒரு றங்குப்பெட்டியை வளவுக்குள் புதைத்தார். அவர் திரும்பி வரவில்லை. மீள்குடியேறிய பின் வளவு முழுவதும் தோண்டியும் பெட்டி கிடைக்கவில்லை. அதன்பின் வெளிநாட்டிலுள்ள உறவினர்களிடமிருந்து பழைய படங்களையும் கடிதங்களையும் வாங்கி ஸ்கேன் செய்து மடிக்கணினியில் சேர்த்து வருகிறேன். காணி அனுமதிப்பத்திரம், சான்றிதழ்கள், ஊர்ப் பெரியவர்கள் தாங்கள் பட்டதைச் சொன்ன ஒலிப்பதிவுகள், கோவலன் கூத்துப் பாட்டுகள் எல்லாமாக 140 கிகாபைட் அளவு இருக்கிறது. வவுனியாவில் கணினிக் கடை வைத்திருக்கும் பெறாமகன், கடையில் இரவு பகலாக இயங்கும் கணினியில் ஒரு பிரதி வைக்கலாம் என்கிறான். அங்கே பலர் வந்துபோகிறார்கள். பதிவுகளில் பேசியவர்கள் என்னை நம்பிப் பேசியவர்கள். மற்றவர் திறக்க முடியாதபடி வைக்க வழி உண்டா? எங்கள் இணைய இணைப்பு மெதுவானது, மின்சாரமும் இடையிடையே நிற்கும். இவ்வளவும் செய்த பின் மூலப் பத்திரங்களை வைத்திருக்கத்தான் வேண்டுமா?

மதிப்புக்குரிய ஆசிரியை அவர்களுக்கு,

வழி உண்டு. உங்கள் பெறாமகனோ, கடையில் வேலை செய்பவர்களோ, அந்தக் கணினியைக் களவாடிச் செல்பவரோ ஒரு படத்தைக்கூடத் திறந்து பார்க்க முடியாத வகையில் உங்கள் கோப்புகளை அங்கே வைக்கலாம். அதற்கான மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் பல ஆண்டுகளாகக் கணினிகளைப் பராமரித்து வருபவன் என்ற வகையில், உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது கடையைப் பற்றிய அச்சம் அல்ல, ஐயா புதைத்த பெட்டியைப் பற்றிய அந்த இரண்டு வரிகள்தான். அந்தப் பெட்டியை அந்நியர் எவரும் எடுத்ததாகத் தெரியவில்லை. அது இருந்த இடம் ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருந்தது என்பதனால்தான் குடும்பம் அதை இழந்தது. மறைகுறியாக்கம் செய்த, அதாவது திறப்பு இல்லாதவர் படிக்க முடியாதபடி பூட்டிய, காப்புப் பிரதிக்கும் இதே ஆபத்து இருக்கிறது. ஆகவே மற்றவரிடமிருந்து மறைப்பது எப்படி என்பதோடு, உங்கள் பிள்ளைகளிடமிருந்து மறைந்துபோகாமல் வைப்பது எப்படி என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். கோப்புகள் வழியிற் பூட்டப்பட்டுப் போவதும், போய்ச் சேர்ந்த இடத்தில் பூட்டப்பட்டு இருப்பதும் இரு வேறு காரியங்கள். ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குக் கோப்புகளை அனுப்பக் கணினிகளைப் பராமரிப்போர் பரவலாகப் பயன்படுத்தும் எஸ்எஸ்எச் என்னும் முறை, பின்லாந்தில் ஒரு பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்டுத் திருடப்பட்டதைத் தொடர்ந்து 1995 இல் உருவாக்கப்பட்டது. வழியில் எவரும் ஒட்டுக்கேட்காமல் தடுப்பதே அதன் வேலை, அதை அது மிக நன்றாகச் செய்கிறது. ஆனால் கோப்பு வவுனியாவிற் போய் இறங்கியதும் அந்தப் பாதுகாப்பு முடிந்துவிடுகிறது. பூட்டிய வாகனத்தில் ஏற்றிச் சென்ற சாமானைக் கடை வாசலிற் திறந்தபடி இறக்கி வைப்பதைப் போன்ற நிலை அது. ‘எங்கள் இணைப்பு மறைகுறியாக்கப்பட்டது’ என்று ஒருவர் சொல்லும்போது, எந்த இடம் வரைக்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைக் கணினியின் வன்தட்டையே பூட்டிவிட்டால் என்ன என்று உங்கள் பெறாமகன் கேட்கக்கூடும். அது களவுக்கு எதிரான நல்ல காவல். கணினியை அணைத்த நிலையில் எவராவது தூக்கிச் சென்றால் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. ஆனால் கணினி இயங்கிக்கொண்டிருக்கும் நேரம் முழுவதும் அந்தத் தட்டு திறந்தே இருக்கும். உங்கள் பெறாமகனின் கணினியோ இரவு பகலாக இயங்குவது. ஆகவே கோப்புகள் உங்கள் மடிக்கணினியை விட்டுப் புறப்படுவதற்கு முன்பே, உங்கள் மேசையிலேயே, உங்கள் திறப்பினாலேயே பூட்டப்பட வேண்டும். வவுனியாவுக்குப் போவது பூட்டிய பெட்டி மட்டுமாக இருக்க வேண்டும். திறப்பு ஒருபோதும் அங்கே போகக் கூடாது.

இதற்கு நான் பரிந்துரைப்பது ரெஸ்டிக் என்ற மென்பொருளை. போர்க் என்பதும் மிகச் சிறந்ததே, என் சொந்தக் கணினியில் அதையே வைத்திருக்கிறேன். ஆனால் அது விண்டோஸ் கணினிகளுக்கென முறையாக வெளியிடப்படுவதில்லை, உங்களிடம் இருப்பது பெரும்பாலும் விண்டோஸாகவே இருக்கும். ரெஸ்டிக் உங்கள் கோப்புகளைச் சராசரியாக ஒரு மெகாபைட் அளவான துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் உள்ளடக்கத்திலிருந்தும் கணித்தெடுத்த ஓர் அடையாள எண்ணை அதற்குப் பெயராக இட்டு, பின்னர் ஏஇஎஸ் என்னும் முறையிற் பூட்டி அனுப்புகிறது. ஏஇஎஸ், பெல்ஜியத்தைச் சேர்ந்த இருவர் வடிவமைத்து 2001 இல் அமெரிக்கா தன் அரச நியமமாக ஏற்றுக்கொண்ட முறை. வங்கிகளும் அரசுகளும் இன்றுவரை அதையே நம்பியிருக்கின்றன. ஒரே படம் மூன்று கோப்புறைகளில் இருந்தாலும் அதன் துண்டுகள் ஒரு தடவை மட்டுமே போகும். நீங்கள் ஒரு கோப்புறையின் பெயரை மாற்றினாலோ, படங்களை வேறு ஒழுங்கில் அடுக்கினாலோ, ஏற்கெனவே போனவை மீண்டும் போவதில்லை. மெதுவான இணைப்பு உள்ளவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதைச் சில வாரங்களில் உணர்வீர்கள்.

ரெஸ்டிக் இந்தத் துண்டுகளைச் சேர்த்து வைக்கும் கோப்புறையைக் களஞ்சியம் என்பார்கள். கடைக் கணினியில் அந்தக் களஞ்சியத்தைத் திறந்து பார்க்கும் ஒருவருக்கு நீண்ட எண்ணும் எழுத்தும் கலந்த பெயர்களுடன் ஆயிரக்கணக்கான கோப்புகள் தெரியும். எது படம், எது ஒலிப்பதிவு, யாருடைய பெயரில் இருக்கிறது என்ற எதுவும் தெரியாது. கோப்புகளின் பெயர்களும் பூட்டுக்குள்ளேயே இருக்கும். ஆனால் மொத்தம் எவ்வளவு பெரியது, எந்நாள் எந்நேரம் எவ்வளவு வந்து சேர்ந்தது என்பவற்றை அவர் அறிய முடியும். உங்கள் நிலைமையில் இது ஒரு பாதகம் அல்ல என்றே கருதுகிறேன். எனினும் உங்களை நம்பிப் பேசியவர்களுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியவர் என்பதால் அறிந்து வைத்திருப்பது நல்லது.

இனிக் கடவுச்சொல். ஏஇஎஸ் பூட்டை உடைக்க எவரும் முயலமாட்டார்கள், கடவுச்சொல்லை ஊகிக்கவே முயல்வார்கள். நீங்கள் தமிழ் ஆசிரியை. உங்களுக்கு உடனே தோன்றுவது ஒரு குறளடியாகவோ தேவார வரியாகவோ இருக்கக்கூடும். தயவுசெய்து அதைத் தவிருங்கள். பலருக்குத் தெரிந்த எந்த வரியும் ஊகிப்பவரின் பட்டியலிலும் இருக்கலாம். பிள்ளைகளின் பெயர், பிறந்த திகதி, ஊர்ப்பெயர் ஆகியவற்றுக்கும் அதே குறை உண்டு. மனத்தினாற் தேர்ந்தெடுப்பதே பிழை. பகடையினாற் தேர்ந்தெடுக்க வேண்டும். 1995 இல் ஆர்னல்ட் ரைன்ஹோல்ட் என்பவர் உருவாக்கிய டைஸ்வேர் என்னும் முறை இதற்காகவே இருக்கிறது. 7776 சொற்கள் கொண்ட பட்டியலொன்றை உங்கள் பெறாமகன் இணையத்திலிருந்து எடுத்து அச்சிட்டுத் தரலாம்; ஆறு முகப் பகடையை ஐந்து தடவை உருட்டினால் வரும் ஐந்து இலக்கங்கள் அந்தப் பட்டியலில் ஒரு சொல்லைக் காட்டும். அவ்வாறு ஆறு சொற்களை எடுத்துக்கொண்டால், அமையக்கூடிய சேர்க்கைகளின் தொகை 24 இலக்கங்கள் கொண்ட எண்ணாகிவிடும். ரெஸ்டிக் தன் பங்குக்கு, ஒவ்வொரு ஊகத்தையும் வேண்டுமென்றே மெதுவாக்கும் எஸ்கிரிப்ட் என்ற முறையையும் பயன்படுத்துகிறது. பட்டியலை அவர் தரலாம், ஆனால் பகடையை உருட்டும்போது நீங்கள் தனியாக இருங்கள்.

அந்தச் சொற்களைத் தமிழ் எழுத்திற் தட்டச்சுச் செய்ய வேண்டாம் என்பதையும் தமிழ் ஆசிரியையான உங்களிடம் வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. ‘கொ’ என்னும் எழுத்தில் வரும் ஒகரக் குறியைக் கணினி ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம். கொம்பும் அரவும் என இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். திரையிற் பார்க்கும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் மென்பொருளுக்கோ அவை வேறு வேறாக இருக்கக்கூடும். இன்று ஒரு விசைப்பலகையில் எழுதியதைப் பத்து ஆண்டுகள் கழித்து இன்னொன்றில் எழுதும் உங்கள் மகள், ஒவ்வோர் எழுத்தையும் சரியாகத் தட்டியும் உள்ளே போக முடியாமல் நிற்பாள். ஆகவே சிறிய ஆங்கில எழுத்துகளில், சொற்களுக்கு இடையில் ஒரேயோர் இடைவெளி விட்டு, அந்த ஒழுங்கையும் தாளிற் குறித்து வையுங்கள்.

அந்தத் தாளைப் பற்றி இப்போது சொல்கிறேன். நான் முன்பு பணியாற்றிய ஓர் அலுவலகத்தில், தொலைவிலுள்ள கணினியொன்றில் ஒவ்வோர் இரவும் பூட்டிய பிரதி எடுக்கும் ஏற்பாட்டை நானே செய்தேன். ஏழு மாதங்கள் அது ஒருநாளும் தவறாமல் நடந்தது. மழைக்காலத்து இடி ஒன்றில் அலுவலகக் கணினி எரிந்தபோது, பிரதி இருக்கிறதே என்று எல்லோருக்கும் ஆறுதல் சொன்னேன். பிரதி இருந்தது, ஒரு துண்டும் பழுதாகாமல் இருந்தது. அதைத் திறக்கும் கடவுச்சொல்லை எரிந்துபோன அந்தக் கணினியில் மட்டுமே எழுதி வைத்திருந்தேன். அங்கே இருந்தவற்றில் ஊர் மக்கள் தங்கள் கையால் நிரப்பித் தந்த விபரங்கள் இருந்தன. அவர்களிடம் மீண்டும் ஒருமுறை போய்க் கேட்க வேண்டியதாயிற்று. சிலர் அந்த ஏழு மாதங்களுக்குள் இறந்துவிட்டார்கள். அன்றிலிருந்து, எவருக்கு இந்த ஏற்பாட்டைச் செய்து கொடுத்தாலும் திறப்பை எங்கே வைக்கிறீர்கள் என்பதைத்தான் முதலிற் கேட்கிறேன்.

உங்கள் கடவுச்சொற்றொடரைக் குமிழ்முனைப் பேனையினால் தெளிவாக மூன்று தாள்களில் எழுதுங்கள். மைத்தெறி (இங்க்ஜெட்) அச்சுப்பொறியிற் பதித்த எழுத்து ஈரம் பட்டாற் கரைந்துவிடும், ஆதலால் கையால் எழுதுவதே மேல். ஒவ்வொரு தாளிலும் கடவுச்சொற்றொடரோடு, இது எந்த மென்பொருளுக்கானது, பிரதி எந்த ஊரில் யாருடைய கணினியில் இருக்கிறது, திறக்கத் தெரிந்தவர் யார் என்பவற்றை உங்களுக்குப் பின் வரும் ஒருவர் விளங்கிக்கொள்ளும்படி நாலு வரியில் எழுதுங்கள். ஒன்று உங்கள் அலுமாரியில், காணி அனுமதிப்பத்திரம் இருக்கும் அதே உறைக்குள், தண்ணீர் புகாத பொலித்தீன் பையில் இருக்கட்டும். மற்றொன்றை வேறொரு ஊரிலுள்ள உடன்பிறப்பிடமோ, நீங்கள் முழுமையாக நம்பும் ஒரு தோழியிடமோ முத்திரையிட்ட உறையிற் கொடுங்கள். மூன்றாவது வெளிநாட்டிலுள்ள பிள்ளையிடம் போகலாம். ஆனால் அதைப் படமெடுத்து வைபரிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்பாமல், ஊருக்கு வந்துபோகும் உறவினர் கையிற் கொடுத்து அனுப்புங்கள். வவுனியாக் கடையில் மட்டும் எந்தத் தாளும் இருக்கக் கூடாது. இது உங்கள் பெறாமகன்மீது சந்தேகம் கொள்வதாகாது. கடையில் ஏதேனும் நடந்தால் அவரை எவரும் கேள்வி கேட்க இடமில்லாமற் செய்வதும் அவருக்கு நீங்கள் தரும் பாதுகாப்புத்தான். அதை இவ்வாறே அவருக்குச் சொல்லுங்கள்.

ரெஸ்டிக்கில் ஒரே களஞ்சியத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கடவுச்சொற்களை வைக்க முடியும். விரும்பினால் மகளுக்கு வேறொன்றைக் கொடுக்கலாம். பின்னர் ஒன்றை நீக்கவும் முடியும், ஆனால் உள்ளே இருக்கும் தாய்த்திறப்பு மாறுவதில்லை என்பதால், ஒருதடவை உள்ளே போனவர் அதை எடுத்து வைத்திருந்தால் நீக்குவதில் முழுப் பயன் இல்லை. கொடுக்குமுன் யோசிப்பதே நல்லது.

இணைப்பின் வேகத்துக்கு வருகிறேன். உங்கள் பகுதியின் இணைப்பில் அனுப்பும் வேகம் செக்கனுக்கு இரண்டு மெகாபிட் என்று வைத்துக்கொண்டால், 140 கிகாபைட் போய்ச் சேர 155 மணித்தியாலங்களுக்கு மேல், அதாவது இடைவிடாமல் ஏறத்தாழ ஆறரை நாட்கள் எடுக்கும். மாதப் பொதியில் உள்ள தரவும் அதிலேயே கரைந்துவிடும். எனவே முதற் பிரதியை இணையத்தில் அனுப்ப வேண்டாம். ஒரு வெளி வன்தட்டை வாங்கி, உங்கள் வீட்டில் வைத்தே அதில் ரெஸ்டிக் களஞ்சியத்தை உருவாக்கி, அந்தத் தட்டைப் பையில் வைத்து வவுனியா பஸ்ஸில் ஏறிவிடுங்கள். மாங்குளம் தாண்டி வவுனியா போகும் அந்தப் பயணத்தில் தட்டு தொலைந்தாலும் எடுத்தவருக்கு எதுவும் கிடைக்காது, ஏனென்றால் அது ஏற்கெனவே பூட்டிய பெட்டி. களஞ்சியத்தைக் கடைக் கணினியிற் பிரதி செய்த பின் தட்டை மீண்டும் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். அதன் பயனைப் பின்னாற் சொல்கிறேன். அதற்குப் பிறகு நாளாந்தம் போக வேண்டியது நீங்கள் புதிதாகச் சேர்த்த சில படங்களும் ஒரு பதிவும் மட்டுமே. நள்ளிரவுக்குப் பின் சலுகைத் தரவு தரும் பொதியாக இருந்தால், விண்டோஸின் பணி அட்டவணையில் அந்த நேரத்தைக் குறித்துவிடலாம்.

இவ்வாறு தானாக நடக்கும்போது கடவுச்சொல் உங்கள் மடிக்கணினியில் ஒரு கோப்பிலும் இருக்க வேண்டியிருக்கும். ஆகவே மடிக்கணினியின் வன்தட்டையும் பூட்டி வையுங்கள். முற்பகுதியில் நான் போதாது என்று சொன்ன தட்டுப் பூட்டு, வேலை முடிந்ததும் அணைத்து வைக்கும் மடிக்கணினிக்குத்தான் உரியது.

மின்சாரம் இடையில் நின்றாற் பயப்பட வேண்டாம். போன துண்டுகள் போனவைதான். மீண்டும் தொடங்கும்போது மீதியே போகும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்களிலும் இந்த முறையில் எடுத்த பிரதிகள் ஒரு துண்டும் குறையாமல் வளர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். மின்சாரம் நிற்பதைவிட இடியே கொடியது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வானம் இருண்டால் மின்செருகியை மட்டுமன்றி, ரவுட்டருக்கு வரும் தொலைபேசிக் கம்பியையும் கழற்றுங்கள். அந்தக் கம்பி வழியாக வந்த மின்னலே பல கணினிகளை எரித்திருக்கிறது. இரு கணினிகளையும் இணையத்திற் பேச வைப்பதில் ஒரு சிக்கல் உண்டு. வீட்டு, கடை இணைப்புகள் பலவற்றுக்கு வெளியிலிருந்து அடையக்கூடிய தனி முகவரி கிடைப்பதில்லை. வயர்காட், டெயில்ஸ்கேல் போன்ற தனிவழி இணைப்பு அதைத் தீர்க்கும். தொழில் தெரிந்த உங்கள் பெறாமகனுக்கு அது ஒரு பிற்பகல் வேலை.

அவரிடம் நீங்கள் வற்புறுத்திக் கேட்க வேண்டியது வேறொன்று. பூட்டு, படிப்பதைத்தான் தடுக்கும், அழிப்பதைத் தடுக்காது. கோப்புகளைத் திறக்க முடியாமற் செய்துவிட்டுப் பணம் கேட்கும் பணயத் தீநிரல் ஒன்று உங்கள் மடிக்கணினியிற் புகுந்தால், அது உங்கள் கோப்புகளைக் கெடுப்பதோடு, வவுனியாவில் உள்ள பிரதிக்கும் போய் அதையும் அழிக்க முயலும், ஏனென்றால் உங்கள் கணினிக்கு அங்கே போகும் உரிமை இருக்கிறது. 2023 இல் இலங்கை அரசின் மேகக் கணிமைச் சேவை இவ்வாறு தாக்கப்பட்டபோது, அரச அலுவலகங்கள் பயன்படுத்திய மின்னஞ்சல்களில் மே 17 தொடக்கம் ஆகஸ்ட் 26 வரையானவை மீட்க முடியாமற்போயின. தாக்குதல் எட்ட முடியாத இடத்தில் அந்தக் காலத்துக்குரிய பிரதி இருக்கவில்லை. ரெஸ்டிக்கின் துணையாக ரெஸ்ட் சேர்வர் என்ற மென்பொருள் உண்டு. அதைக் கடைக் கணினியில் நிறுவி, சேர்க்கலாம், அழிக்க முடியாது என்ற நிலையில் இயக்கச் சொல்லுங்கள். உங்கள் சேகரிப்பு ஆண்டுக்குச் சில கிகாபைட்டே வளரும் என்பதால் பழையவற்றை அழிக்க வேண்டிய தேவையே வராது. இன்னுமொன்று: இரு இடங்களையும் எப்போதும் ஒன்றுபோல் வைத்திருக்கும் ஒத்திசைவுச் செயலிகளைக் காப்புப் பிரதி என்று நம்பிவிடாதீர்கள். இங்கே தவறுதலாக அழித்தது அங்கேயும் அழிந்துவிடும்.

வவுனியாவிலிருந்து மீண்டும் கொண்டுவந்த வெளி வன்தட்டை மடிக்கணினியோடு செருகியபடி வைக்காமல், கழற்றி, வேறொரு வீட்டில் வையுங்கள். மாதம் ஒருமுறை எடுத்துப் புதியவற்றைச் சேர்த்தாற் போதும். புகைப்படக் கலைஞரான பீற்றர் குரோக் பரவலாக்கிய ஒரு விதி இருக்கிறது: மூன்று பிரதிகள், இரண்டு வகையான சேமிப்பில், ஒன்று வேறிடத்தில். உங்கள் மடிக்கணினி, கழற்றிய தட்டு, வவுனியாக் கணினி ஆகிய மூன்றும் அதை நிறைவு செய்கின்றன. ஆயினும் 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் ஒரே இரவில் மூழ்கியதைக் கண்ட நமக்கு, ‘வேறிடம்’ என்பது அடுத்த தெருவாக இருக்கக் கூடாது என்பது சொல்லாமலே விளங்கும். வசதி வரும்போது வெளிநாட்டிலுள்ள பிள்ளையின் வீட்டிலும் இதே களஞ்சியத்தின் ஒரு பிரதியை வையுங்கள். பூட்டிய பெட்டி எத்தனை இடத்தில் இருந்தாலும் கேடில்லை.

இவை எல்லாம் அமைந்த பிறகும், திறந்து பார்க்காதவரை உங்களிடம் ஒரு காப்புப் பிரதி இருப்பதாக நான் ஏற்றுக்கொள்ளமாட்டேன். அமைத்த முதல் வாரத்திலேயே, உங்கள் மடிக்கணினியைத் தொடாமல், வேறொரு கணினியில் ரெஸ்டிக்கை நிறுவி, தாளில் எழுதியதை மட்டும் பார்த்துக் கடவுச்சொற்றொடரைத் தட்டி, ஒரு படத்தையும் ஒரு பெரியவரின் குரலையும் வவுனியாவிலிருந்து மீட்டெடுங்கள். குரல் கேட்கிறதா, முடிவு வரை கேட்கிறதா என்று இருந்து கேளுங்கள். அடுத்த தடவை நீங்கள் கைகட்டி அருகில் இருக்க, உங்கள் மகளோ பேரப்பிள்ளையோ அதைச் செய்யட்டும். அவர்கள் தடுமாறும் இடங்களைத் தாளில் எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்தாற் போதும். துண்டுகள் பழுதாகாமல் இருக்கின்றனவா என்று மென்பொருளே சோதிக்கும் கட்டளையும் உண்டு. அது வழக்கமாகக் களஞ்சியத்தின் கட்டமைப்பை மட்டுமே பார்க்கும். துண்டுகளின் உள்ளடக்கத்தையும் படிக்கச் சொல்லித் தனியாகக் கேட்க வேண்டும். உங்கள் இணைப்புக்கு, மாதம் தோறும் இருபதில் ஒரு பங்கைப் படிக்கச் செய்தாற் போதுமானது.

கோப்புகள் மீண்டாலும் எழுத்து மீளாத ஒரு நிலை நம்மவர்களுக்கே உரியது. நீங்கள் முன்னர் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்த ஆவணங்கள் இருக்குமானால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தெரியும். எழுத்துருக் கோப்பையும் சேகரிப்போடு சேர்த்துப் பிரதி எடுங்கள். நேரம் கிடைக்கும்போது ஆவணங்களை யுனிகோடுக்கு மாற்றி, பழையதையும் அழிக்காமல் வையுங்கள்.

பூட்டுவதைப் பற்றி இவ்வளவு எழுதிய பின், எல்லாவற்றையும் பூட்ட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். பெரியவர்கள் உங்களை நம்பிச் சொன்னவை பூட்டுக்குள்தான் இருக்க வேண்டும். அவர்கள் அனுமதியின்றி அவை வெளியே போகக் கூடாது. ஆனால் கோவலன் கூத்துப் பாட்டுகள் ஒரு குடும்பத்துக்கு உரியவை அல்ல. பாடியவர்களோ அவர்களின் பிள்ளைகளோ சம்மதித்தால், 2005 தொடக்கம் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிம வடிவிற் சேர்த்து எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கும் நூலகம் நிறுவனத்துக்கு அவற்றின் ஒரு பிரதியைக் கொடுங்கள். பலர் வீட்டில் இருப்பதே அந்தப் பாட்டுகளுக்குக் காவல்.

மூலப் பத்திரங்களைப் பற்றிக் கேட்டீர்கள். அவற்றை ஒருபோதும் வீசிவிடாதீர்கள். காணி அனுமதிப்பத்திரத்தின் ஸ்கேன் பிரதி உங்கள் நினைவுக்கு உதவும், மூலத்தின் இடத்தைப் பிடிக்காது. பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள் தொலைந்தால் உறுதிப்படுத்திய பிரதியைப் பிரதேச செயலகத்திற் பெறலாம். பதிவு இலக்கமும் திகதியும் கையில் இருந்தால் பதிவேட்டைத் தேடும் சிரமம் குறையும், அந்த இரண்டும் உங்கள் ஸ்கேன் பிரதியில் இருக்கும். ஆகவே ஸ்கேன் செய்யும்போது பத்திரத்தின் முன்பக்கத்தை மட்டுமன்றி, முத்திரையும் குறிப்புகளும் உள்ள பின்பக்கத்தையும் எடுத்து வையுங்கள். உறவினர்கள் தந்த படங்களின் பின்னால் பென்சிலில் எழுதிய பெயர்கள் இருந்தால் அவற்றையும் அவ்வாறே எடுங்கள். பெயர் எழுதப்படாத படங்களுக்கு, உங்களுக்கு முகம் தெரிந்த இந்நாட்களிலேயே யார் யார் என்று எழுதி, அந்தக் குறிப்பையும் இன்றிரவுப் பிரதியோடு வவுனியாவுக்கு அனுப்பிவிடுங்கள்.